போர் ஓய்ந்த பின் நீளும் கை



பெங்களூர் நகரின் கிழக்கே தொம்மலூர் என்னும் பழைய ஊர் இருக்கிறது. இன்று அது நகரத்தோடு கலந்துவிட்டது. மேம்பாலமும், உயர்ந்த அலுவலகக் கட்டடங்களும், ஓயாத வண்டிப் போக்குவரத்துமே புதிதாக வருவோர் கண்ணிற்படும். ஆயினும் சற்று மேடான ஓரிடத்தில் சொக்கநாதர் கோயில் ஒன்று அமைதியாக நிற்கிறது. பெயர் சொக்கநாதர் என்றாலும் அங்கே எழுந்தருளியிருப்பவர் பெருமாளே. அக்கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. தேசிமாணிக்கப்பட்டணம் என்ற மற்றொரு பெயரையும் அவை இவ்வூருக்குச் சூட்டுகின்றன. வணிகர் வந்து தங்கிய ஊர் என்பதற்கு அப்பெயரே சான்று. 13 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று, ஓர் ஊரும் ஓர் ஏரியும் பற்றிய பழைய கொடை மீண்டும் புதுப்பிக்கப்பட்டதைக் கூறுகிறது.

கொடை புதுப்பிக்கப்பட்டது என்னும் செய்தி சிந்தனைக்குரியது. கொடுத்தோம், முடிந்தது என்று நம் முன்னோர் இருந்துவிடவில்லை. ஏரி தூர்ந்து போகலாம், எல்லை மாறலாம், கொடுத்தவர் மரபு மறந்து போகலாம். ஆதலின் மறுபடியும் நின்று, மறுபடியும் கொடுத்து, அதைக் கல்லிலே பொறித்து வைத்தனர்.

இதை நாம் நினைக்க ஒரு காரணம் உண்டு. அக்கோயிலின் திண்ணையில் மாலை வேளையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் ஒரு நாள் நம்மை நோக்கி, “இலங்கையிலே போர் முடிந்து இத்தனை ஆண்டு ஆயிற்றே, ஐயா. வீடு கட்டிக் கொடுத்தார்கள், ரயில் விட்டார்கள் என்றெல்லாம் படித்தோம். இன்னுமா அவர்களுக்குப் பிறர் உதவி வேண்டும்?” என்று கேட்டார். அவர் கேள்வியில் வெறுப்பு இல்லை. உண்மையை அறியும் ஆவலே இருந்தது. போரினால் நைந்த ஒரு நாட்டிற்குப் பிறநாட்டார் செய்யும் உதவி எதைச் செய்ய வல்லது, எதைச் செய்ய வல்லதன்று என்பதை அவருக்கு விடை கூறும் முறையிலேயே இன்று ஆராய்வோம்.

முதலில் அழிவின் அளவை உணர வேண்டும். 1983 ஆம் ஆண்டு ஜூலையில் மூண்ட போர் 2009 மே மாதத்தில் ஓய்ந்தது. இருபத்தாறு ஆண்டுகள்! அந்நாளிற் பிறந்த குழந்தை, தன் குழந்தையைத் தோளிற் சுமந்துகொண்டு இறுதிப் போரிலிருந்து வெளியேறியிருக்கும். முடிவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் வீடிழந்து முகாம்களில் அடைந்து கிடந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் வவுனியா மாவட்டத்தில், செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முகாமில் கூடாரங்களின்கீழ் வைக்கப்பட்டனர். அம்முகாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. இறுதி மாதங்களில் இறந்த பொதுமக்களின் தொகை நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011 இல் அறிவித்தது.

துன்பம் ஓரினத்தார்க்கு மட்டும் உரியதாய் இருக்கவில்லை. 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டனர். எல்லைப்புறச் சிங்களக் கிராமங்களிலும் குருதி சிந்தியது. வலிகாமம் வடக்கில் வாழ்ந்த தமிழர் தங்கள் காணியை விட்டு வெளியேறிப் பல்லாண்டு உறவினர் வீட்டுத் திண்ணையிலும் முகாம்களிலும் காலங் கழித்தனர். நாட்டை மீட்டெழுப்புதல் என்பது இவர்கள் அனைவரையும் மீட்டெழுப்புதலே.

இத்தகைய நிலையில் பிறநாட்டார் உதவியை மூன்று படிகளாகப் பகுத்துக் காணலாம். உயிரைக் காப்பது முதற்படி. இருப்பிடமும் தொழிலும் தருவது இரண்டாம் படி. நம்பிக்கையைத் திரும்பத் தருவது மூன்றாம் படி. முதற்படி எளிது என்றல்ல. ஆனால் அதற்கு எப்போதும் கைகள் கிடைக்கின்றன. படி ஏற ஏறக் கைகள் குறைகின்றன.

2009 மார்ச்சில், போர் இன்னும் ஓயாத நேரத்திலேயே, இந்திய மருத்துவக் குழு ஒன்று கிழக்குக் கரையிற் புல்மோட்டையில் மருத்துவமனை அமைத்தது. கப்பலில் ஏற்றி வரப்பட்ட புண்பட்டோர்க்கு அங்கே சிகிச்சை செய்தனர். பின்னர் அது முகாம் மக்களுக்காக இடம் மாறியது. தமிழ்நாட்டிலிருந்து உணவும் உடையும் பாத்திரமும் அடங்கிய குடும்பப் பொதிகள் சென்றன. ஊர் திரும்பியோர்க்குக் கூரைத் தகடும் சீமெந்து மூட்டையும் விதையும் மண்வெட்டியும் கொடுக்கப்பட்டன. உழவுக்கென 500 டிராக்டர்கள் அனுப்பப்பட்டன. ஐக்கிய நாடுகளின் உணவுத் திட்டம், அகதிகள் ஆணையம், செஞ்சிலுவைச் சங்கம் முதலியனவும் தத்தம் பணியைச் செய்தன. பசித்தவனுக்கு அரிசி கொடுப்பதில் அரசியல் வாதம் குறைவாகவே எழும்.

ஆயின் ஊர் திரும்பியவன் தன் நிலத்தில் உடனே கால் வைக்க முடிந்ததா? இல்லை. மண்ணுக்குள் மிதிவெடி இருந்தது. போர்வீரன் புதைத்துவிட்டுப் போகும் வெடிக்குப் போர் முடிந்தது தெரியாது. உடன்படிக்கை கையெழுத்தானாலும், கொடி இறக்கப்பட்டாலும், அது தன் வேலையைச் செய்யக் காத்திருக்கும். விறகு பொறுக்கச் சென்ற சிறுவன், மாட்டைத் தேடிச் சென்ற கிழவர், வரப்பு வெட்டச் சென்ற உழவர் என்ற வேறுபாடு அதற்கு இல்லை.

யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் வாயிலில் முகமாலை என்னும் இடம் உள்ளது. இரு படைகளும் பல்லாண்டு எதிரெதிரே நின்ற போர்முனை அது. அங்கே பல கிலோமீட்டர் தூரத்திற்கு மண்ணெல்லாம் வெடி. அதை அகற்றும் முறையைக் கேட்டால் பொறுமை என்னும் சொல்லின் பொருள் விளங்கும். ஒருவர் ஒரு மீட்டர் அகலமுள்ள பாதையில் மண்டியிட்டு அமர்வார். உலோகம் காட்டும் கருவியை மண்மேல் மெல்ல அசைப்பார். ஒலி எழுந்தால் பக்கவாட்டில் மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டுவார். பெரும்பாலும் வெளிப்படுவது ஆணியோ துப்பாக்கிக் குண்டின் தகடோவாக இருக்கும். ஆனால் எது வெடி, எது ஆணி என்று முன்கூட்டித் தெரியாது. ஆதலின் ஒவ்வோர் ஆணியையும் வெடியாகவே கருத வேண்டும். நாள் முழுதும் உழைத்து ஒரு சிறு முற்றத்தின் அளவு நிலம் தூய்மையானால் அது நல்ல நாள்.

ஹேலோ அறக்கட்டளை என்னும் பிரித்தானிய நிறுவனமும் வேறு சில வெளிநாட்டு, உள்நாட்டு நிறுவனங்களும் இப்பணியைச் செய்து வருகின்றன. ஜப்பான், அமெரிக்கா, பிரிட்டன், நார்வே முதலிய நாடுகள் பொருள் உதவின. இந்தியா தன் செலவில் ஏழு குழுக்களை அனுப்பியது. நிலத்தில் மண்டியிடுபவரோ பெரும்பாலும் அவ்வூர் மக்களே. அவருள் கணவனைப் போரில் இழந்த பெண்கள் பலர். தம் பிள்ளைகள் நடக்கப் போகும் மண்ணை அவர்களே தம் கையால் துழாவி ஆராய்கின்றனர். வெளிநாட்டுப் பணம் உள்ளூர்க் கையிற் சேரும்போது உதவி எவ்வளவு உயர்வடைகிறது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அப்போது விதிக்கப்பட்ட கெடு 2028. போர் ஓய்ந்து பத்தொன்பதாம் ஆண்டில் வரும் கெடு அது. “இன்னுமா உதவி வேண்டும்?” என்ற கேள்விக்கு இது முதல் விடை.

அடுத்து வீட்டிற்கு வருவோம். 2010 ஜூனில் இந்திய அரசு 50,000 வீடுகள் கட்டித் தர ஒப்புக்கொண்டது. முன்னோடியாக 1,000 வீடுகள் கட்டப்பட்டு 2012 ஜூலையில் முடிந்தன. பின்னர் 2012 அக்டோபர் 2 ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளில், பெரும்பணி தொடங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் கட்டப்பட்ட இவ்வீடுகளின் சிறப்பு அவற்றின் சுவரில் இல்லை. கட்டிய முறையில் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் ஒருவர் வரிசையாக வீடு கட்டிச் சாவியைக் கையிற் கொடுப்பதென்று வைக்கவில்லை. புதிய வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் இலங்கை ரூபாய் வீதம் பணம் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கிலேயே தவணையாகச் செலுத்தப்பட்டது. அத்திவாரம் முடிந்ததும் ஒரு தவணை, சுவர் எழுந்ததும் ஒரு தவணை, கூரை ஏறியதும் ஒரு தவணை என்ற முறையில் வேலை வளர வளரப் பணம் வந்தது. மேசனை அமர்த்துவதும், மணல் வாங்குவதும், சமையலறை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் வீட்டுக்காரர் பொறுப்பு. ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு நிறுவனமும் செஞ்சிலுவைக் கூட்டமைப்பும் பிறரும் தொழிலறிவு கூறி உடன் நின்றனர்.

முகாமில் பல்லாண்டு கிடந்தவன் ஒன்றை இழந்திருப்பான். அது முடிவு செய்யும் பழக்கம். எப்போது உண்பது, எங்கே உறங்குவது, எந்த வரிசையில் நிற்பது என்பதையெல்லாம் பிறரே சொல்லி வந்தனர். அத்தகையவன் தன் வீட்டு வாசலைக் கிழக்கே வைப்பதா வடக்கே வைப்பதா என்று மனைவியோடு வாதிடும்போது மீண்டும் மனிதனாகிறான். அந்த வாதமே உதவியின் வெற்றி என்று நாம் கருதுகிறோம்.

ஆயினும் குறைகளை மறைத்தல் தகாது. மணலும் சீமெந்தும் ஓரூரில் எல்லார்க்கும் ஒரே காலத்தில் வேண்டியிருந்தமையால் விலை ஏறிற்று. மேசன்மார் கூலியும் ஏறிற்று. கொடுத்த தொகை போதாமற் பலர் நகையை அடகு வைத்தனர், கடன் பட்டனர். ஆண் துணையற்ற குடும்பத்தில் ஒரு பெண் தனியே நின்று கட்டுமானத்தை மேற்பார்ப்பது எளிதாய் இருக்கவில்லை. வீடு எழுந்தது, ஆனால் அருகே தொழில் எழவில்லை என்ற குறை பல ஊர்களில் இருந்தது. தொழிலற்றவன் கையில் வீடு நிற்கும், அடுப்பு எரியாது.

போக்குவரத்து மூன்றாவது. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயில், கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்த ஒரு பாலம். சிங்கள அலுவலரும் தமிழ் ஆசிரியரும் முஸ்லிம் வணிகரும் ஒரே பெட்டியிற் பயணஞ் செய்த காலம் அது. 1990 இல் அது நின்றது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுப் பதுங்கு குழிகளுக்கு உத்தரமாயின. போருக்குப் பின் இந்திய ரயில்வேயைச் சேர்ந்த இர்கான் நிறுவனம் பாதையை மீண்டும் அமைத்தது. 2014 அக்டோபர் 13 ஆம் நாள் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்திற்குள் நுழைந்தது. இருபத்துநான்கு ஆண்டுகள் ரயிலைக் காணாத ஊர் அது. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கும் வண்டி சென்றது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வீடுகள் நன்கொடை, ரயில் பாதையோ சலுகை வட்டியிற் கொடுத்த கடன். நன்கொடை வேறு, கடன் வேறு. போருக்குப் பின் இலங்கை அரசு பாதைக்கும் துறைமுகத்திற்கும் விமான நிலையத்திற்கும் பல நாடுகளிடமும் வெளிச்சந்தையிலும் ஏராளமாகக் கடன் வாங்கிற்று. இத்துடன் பிற காரணங்களும் சேர, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமல் நிறுத்தியது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். அப்போது வடக்கும் தெற்கும் ஒரே வரிசையில் நின்றன. இந்திய அரசு பெருந்தொகை கடனுதவி அளித்தது. தமிழ்நாட்டு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் தீவின் எல்லா மக்களுக்குமாக அனுப்பிற்று. போரிலிருந்து மீளும் நாட்டின் தோளிற் கடன் மூட்டையை ஏற்றுவோர் அதன் கால் வலிமையையும் பார்த்தல் வேண்டும்.

ஒரு கை கொடுப்பதை மறு கை பறிக்கும் கொடுமையும் உண்டு. போர்க்காலத்தில் வடபகுதி மீனவர் கடலில் இறங்கத் தடை இருந்தது. தடை நீங்கியதும் வள்ளமும் வலையும் உதவியாகப் பெற்று அவர்கள் கடலுக்குச் சென்றனர். அங்கே தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வந்த விசைப்படகுகளின் இழுவைமடி அவர்கள் வலையை அறுத்துச் சென்றது. கடலடியையும் வாரிச் சென்றது. இருபுறமும் தமிழர், இருபுறமும் ஏழைகள். நம் மீனவர் சிறைப்படும்போது நம் நெஞ்சு பதறுகிறது, பதறவேண்டியதே. ஆனால் அறுந்த வலையைக் கையிற் பிடித்து நிற்கும் அந்த மீனவனும் நம் நினைவில் வரவேண்டாவா? இழுவைமடியைக் கைவிட்டு வேறு தொழிலுக்கு நம் மீனவர் மாற வழி செய்வதும் இலங்கைக்குச் செய்யும் உதவியே.

பணம் மட்டும் அமைதியை வாங்கிவிடாது என்பதையும் அந்நாட்டு வரலாறே காட்டுகிறது. 2002 பிப்ரவரியில் நார்வேயின் முயற்சியாற் போர்நிறுத்தம் ஏற்பட்டது. 2003 ஜூனில் டோக்கியோவிற் கூடிய நாடுகள், ஏறத்தாழ 450 கோடி டாலர் தருவதாக வாக்களித்தன. விடுதலைப் புலிகள் அம்மாநாட்டிற்கு வரவில்லை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தது. அழிந்த கரையைச் சீரமைக்க இரு தரப்பும் சேர்ந்து ஓர் ஏற்பாட்டில் 2005 ஜூனிற் கையெழுத்திட்டன. அடுத்த மாதமே நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை நிறுத்தி வைத்தது. பின்னர் போர் மீண்டும் மூண்டது. பணம் ஆயத்தமாய் இருந்தது. மனம் ஆயத்தமாய் இல்லை. கூரைக்குப் பணம் கொடுக்கலாம். அத்திவாரத்தை அவ்வீட்டார்தாம் ஒற்றுமையாக இடவேண்டும்.

இதே இலங்கை ஒரு காலத்தில் பிற நாட்டிற்கு உதவிய வரலாறும் உண்டு. 1951 செப்டம்பரில் சான்பிரான்சிஸ்கோ நகரில், தோற்ற ஜப்பானோடு உடன்படிக்கை செய்யப் பல நாடுகள் கூடின. அப்போது இலங்கையின் நிதியமைச்சராயிருந்த ஜெயவர்த்தனா, ஜப்பானிடம் தம் நாடு போர் இழப்பீடு கேட்காது என்று அறிவித்து, ஜப்பானுக்கு விடுதலை அளிக்க வேண்டுமென வாதாடினார். எழுந்து நின்ற ஜப்பான் பின்னாளில் இலங்கைக்குப் பெரிதும் உதவிய நாடுகளுள் ஒன்றாயிற்று. தோற்றவனைத் தாழ்த்தாமல் விட்டதன் பயன் அரை நூற்றாண்டு கழித்தும் விளைந்தது. 1951 இல் வேற்று நாட்டானுக்குக் காட்டிய அந்தப் பெருந்தன்மையை 1983 இல் சொந்த நாட்டுக் குடிகளுக்கு அந்நாடு காட்டவில்லையே என்னும் வேதனையும் உடனெழுகிறது. 1983 இல் நாட்டின் தலைவராய் இருந்தவரும் அதே ஜெயவர்த்தனாவே.

இனி மூன்றாம் படி. காணாமற் போனோரின் தாய்மார் 2017 பிப்ரவரியிற் கிளிநொச்சியிற் சாலையோரத்தில் அமர்ந்து அறப்போராட்டம் தொடங்கினர். மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆண்டுக் கணக்கில் அவர்கள் அமர்ந்தனர். பலர் விடை காணாமலே மாண்டனர். காணாமற் போனோர்க்கென அலுவலகம் ஒன்று 2016 இல் சட்டத்தால் ஏற்பட்டது. அத்தாய்மாரின் ஐயம் அதனால் தீரவில்லை. படையினர் வசமிருந்த காணிகளிற் பகுதி பகுதியாகவே திரும்பக் கிடைத்தன. எந்த நாட்டு நன்கொடையும் ஒரு தாய்க்கு “உன் மகன் என்ன ஆனான்” என்ற விடையை வாங்கித் தராது. அதை அந்நாட்டு அரசுதான் சொல்ல வேண்டும். பிறநாட்டார் செய்யக்கூடியது, அக்கேள்வி மறக்கப்படாமற் காப்பதே. ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பேரவை நிறைவேற்றும் தீர்மானங்களின் பயன் இதுவே.

நம் நாட்டின் கணக்கையும் நேர்மையோடு பார்த்தல் வேண்டும். 1987 இல் அமைதி காக்கச் சென்ற இந்தியப் படை போரிலேயே சிக்கியது. 1990 மார்ச்சில் திரும்பியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட நம் வீரர் மாண்டனர். யாழ்ப்பாணத்துப் பொதுமக்களும் மாண்டனர். தொம்மலூரைச் சூழப் படைக் குடியிருப்புகள் உள்ளன. அருகே அல்சூரில் சென்னைப் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையிடம் உள்ளது. போரின் இருபக்கத் துயரையும் அறியாத ஊர் அல்ல இது. மறுபுறம், 1983 முதல் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட ஏதிலியர் நம் கரைக்கு வந்தனர். இன்றும் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் அவர்கள் வாழ்கின்றனர். 2021 இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாற்றி, புதிய வீடுகள் கட்டத் தமிழ்நாட்டு அரசு பொருள் ஒதுக்கியது. ஆனால் முகாமிற் பிறந்து முகாமில் மணந்து பிள்ளை பெற்றவனுக்கு, “நீ எந்நாட்டான்?” என்ற கேள்விக்குத் தெளிவான விடை வேண்டும். உதவி கடலுக்கு அப்பால்தான் தேவை என்றில்லை, இப்பாலும் தேவை.

ஆகவே அப்பெரியவருக்கு நாம் கூறிய விடை இது: “ஆம் ஐயா, இன்னும் வேண்டும். ஆனால் மூட்டையாகக் கொடுக்கும் உதவி குறையலாம். மண்ணிலுள்ள வெடி முழுதும் நீங்கும்வரை பொருள் வேண்டும். வீட்டருகே தொழில் வேண்டும். கடலில் நீதி வேண்டும். தாய்க்கு விடை வேண்டும்.” அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பின், “அப்படியானால் வீடு கட்டியது பாதி வேலைதான்” என்றார். நாம் இவ்வளவு நேரம் சொன்னதை அவர் ஒரு வரியிற் சொல்லிவிட்டார்.

கோயிற் சுவரில் அக்கல்வெட்டு மாலை வெயிலிற் கிடந்தது. ஊரையும் ஏரியையும் மீண்டும் கொடுத்தோம் என்று எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியவர்கள், கொடை என்பது தொடர்ந்து காக்கப்பட வேண்டியது என்பதை அறிந்திருந்தனர். தூர்ந்த ஏரியை மறுபடி தூர்வாருவோர் இருக்கும்வரையே வயலுக்குத் தண்ணீர் பாயும்.